ஒரே ஒரு ரவுண்டு

ராத்திரி ரெண்டே முக்கால்... லைட்டே இல்லாத பைபாஸ் ரோடு. அதுல ஒரு வளைவு. என் அக்கா வீட்டுக்காரர், எங்க அத்தான், கேமராவோட புதருக்குள்ள உக்காந்திருக்காரு.

சிரிக்காதீங்க. கார் பைத்தியம் அவருக்கு. இன்னும் கடைக்கே வராத காரை கம்பெனிக்காரங்க ரோட்டுல ஓட்டிப் பாப்பாங்கல்ல... உருவம் தெரியக்கூடாதுன்னு மேல பூரா கறுப்பு வெள்ளைச் சுழியா ஸ்டிக்கர் ஒட்டி... அதை முதல் ஆளா போட்டோ எடுக்கணும். வீட்டுல நாலு மாசக் குழந்தை. அக்கா கண்ணசந்து மாசக் கணக்காச்சு. அஞ்சு மணிக்குள்ள வந்து புள்ளையை வாங்கிக்கிறேன், நீ தூங்குன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புனாரு.

கார் வந்துச்சு... மெதுவா. டிரைவர் தவிர மத்த மூணு சீட்டுலயும் மண் மூட்டை, பெல்ட்டு போட்டு. நாலு பேர் பாரம் வேணும்னு அப்படித்தான் வைப்பாங்களாம். டிரைவர் இவரைப் பாத்துட்டாரு. விரட்டப் போறாருன்னு நினைச்சா... இறங்கி வந்து பக்கத்துல உக்காந்துட்டாரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு.

"எத்தனையாவது ரவுண்டுன்னே தெரியல தம்பி. ஒரே ஒரு ரவுண்டு நீங்க ஓட்டுறீங்களா?"

வேற யாரா இருந்தாலும் எடுத்திருப்பான் ஓட்டம். இவருக்கு டேஷ்போர்டைப் பாக்கணும்ல... ஏறிட்டாரு.

இதெல்லாம் அவரே எனக்கு போன்ல சொன்னது. அப்ப மணி நாலு அம்பது. உள்ள ஈர மண் வாசமாம்... பசை வாசமாம்... பின்னாடி மூட்டைங்க குறட்டை விடுதாம். வளைவுக்குத் திரும்பி வந்தா டிரைவரைக் காணோம். இவரோட ஸ்கூட்டரையும் காணோம். பிரேக்கை மிதிச்சா வண்டி நிக்கல. கதவும் திறக்கல.

நான் பாதித் தூக்கத்துல... சரி அத்தான், காலையில பேசிக்கலாம்னு சொன்னேன். அவர் அழுதாரு. அப்பதான் எந்திரிச்சு, என் வீட்டுக்காரி போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"மெதுவாப் பேசுடா. இப்பதான் வந்தாரு. புள்ளையை நெஞ்சுல போட்டுக்கிட்டு தூங்குறாரு."

இந்தப் போன்ல இருந்த அத்தானுக்கு அது கேட்டுருச்சு. டயர் சத்தத்துக்கு நடுவுல கத்துனாரு...

"மாப்ள... புள்ளையை அவன்கிட்ட இருந்து வாங்கச் சொல்லு."

அதோட கட்டாயிருச்சு.

அடிச்சுப் பிடிச்சு அக்கா வீட்டுக்கு ஓடுனேன். கட்டில்ல அத்தான்தான்... அதே முகம், அதே மச்சம். எழுப்பாதடா, நானும் செத்த நேரம் தூங்குறேன்னு அக்கா கெஞ்சுனா. அவ முகத்தைப் பாத்தா என்னத்தச் சொல்ல... வந்துட்டேன்.

ரெண்டு வருஷமாச்சு. மனுஷன் தங்கம். ராத்திரி புள்ள அழுதா அவர்தான் எந்திரிக்கிறாரு. கேமராவைத் தொடுறதே இல்ல. அக்கா உடம்பும் தேறிடுச்சு. அவகிட்ட சொல்ல எனக்கு மனசு வரல. அத்தானை நினைச்சா தூக்கமும் வரல.

புள்ளைக்கு இப்ப பேச்சு வந்துருச்சு. அவர் மடியில உக்காந்துக்கிட்டே... ஜன்னலுக்கு வெளிய போற காரைக் காட்டி, அப்பாங்குது.