நல்லம்மாள் கல்விக் கூடம்

நன்கொடை கேட்கக் கூட்டம் போட்டால் விருந்தைப் பேச்சுக்குப் பிறகுதான் வைக்க வேண்டும், மேடம். சாப்பிட்டவர்கள் கை கழுவிக்கொண்டு அப்படியே கார் ஏறிவிடுவார்கள். அன்று சமையல்காரர் அவசரப்பட்டுவிட்டார். ஆஷா மேடை ஏறும்போது பாதி நாற்காலிகள் காலி.

காங்கேயம் சாலையில் உள்ள எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் புதிய வகுப்பறைக் கட்டடம் வேண்டும். அதற்கு நிதி திரட்டுவது என் பொறுப்பு. ஆஷாவைப் பேச வைத்தது என் யோசனைதான். நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் பகலெல்லாம் தைத்துவிட்டு, மாலை வகுப்பில் பி.காம். படிக்கும் பெண். அவள் அம்மா செல்லத்தாய்க்கும் அதே கம்பெனியில்தான் வேலை. பிழைப்புக்காகத் தெற்கேயிருந்து வந்தவர்கள். ஆஷா நன்றாகவே பேசினாள். ஏற்றுமதியாளர் லிங்கசாமி கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். வாசல்வரை போய் அவரை வழியனுப்பினேன்.

"புள்ள நல்லாப் பேசுது தங்கதுரை. ஆனா பழைய கட்டடம் கல்லாட்டம் நிக்குதுங்களே. இடிஞ்சு விழுந்தாப் பாக்கலாங்க" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அதை யோசித்துப் பார்த்தேன்.

மேல்மாடியின் மேற்கு அறையைப் பூட்டி வைத்திருந்தோம். கூரைக்குள் கம்பி துருப்பிடித்துவிட்டது, அடுத்த மழைக்குத் தாங்காது, யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று பொறியாளர் நாச்சிமுத்து என்னிடம் சொல்லியிருந்தார். என்னிடம் மட்டும்தான் சொன்னார். ஐப்பசி பிறந்ததும் அந்தப் பூட்டைத் திறந்தேன்.

எந்த வகுப்பை அங்கே மாற்றுவது என்று நிதானமாகத்தான் முடிவு செய்தேன். பகல் வகுப்பில் படிப்பவர்கள் கம்பெனி முதலாளிகளின் பிள்ளைகள். அவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் யாரிடம் போய் நன்கொடை கேட்பது? மாலை வகுப்புப் பிள்ளைகளுக்காக யாரும் வழக்கறிஞரோடு வந்து நிற்க மாட்டார்கள். மேலும் ஆஷாவை ஊருக்குத் தெரிந்திருந்தது. தெரியாத முகத்துக்காக யாரும் அழுவதில்லை.

முதல் மழை பெய்த மறுநாள் அவளே என் அறைக்கு வந்தாள். தலைமுடியில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தது.

"ஐயா, மேலருந்து காரை உதிருது. வேற ரூம் கெடைக்குமா?"

"பரீட்சை முடியற வரைக்கும் பொறுத்துக்க கண்ணு" என்றேன்.

சரிங்கய்யா என்று தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போனாள். அந்த வாரமே கூரை விழுந்தது. மூன்று பேர் காயத்தோடு தப்பினார்கள். ஆஷா தப்பவில்லை.

அதன்பிறகு நான் கூட்டமே போட வேண்டியிருக்கவில்லை. லிங்கசாமி தானாகவே ஃபோன் செய்தார். தன் தாயார் நல்லம்மாள் பெயரைக் கட்டடத்துக்கு வைக்க வேண்டும் என்றார். வைப்பதாகச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கும் ஏதாவது செய்ய வேண்டாமா என்று கட்டடக் குழுவில் நான்தான் கேட்டேன். இரண்டாம் தளத்தில் ஒரு வகுப்பறைக்கு அவள் பெயர்.

உங்கள் விசாரணையில் நாச்சிமுத்து சொன்னது உண்மைதான். விழும் என்று தெரிந்துதான் திறந்தேன். அவள் உள்ளே இருப்பாள் என்று தெரிந்துதான் திறந்தேன். இதை மறுத்து உங்கள் நேரத்தை வீணாக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் உங்கள் அறிக்கையில் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அடிக்கல் நாட்டிய அன்று செல்லத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்மவ பேரு அழியாமப் பண்ணிட்டீக. நீங்க நல்லா இருக்கணும்யா" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை, மேடம். அந்த நேரத்தில் எடுத்த படம் நன்றாக வந்திருக்கிறது. அடுத்து மாணவியர் விடுதிக்கு நிதி கேட்க வேண்டும். அதற்கு அச்சடிக்கும் கையேட்டின் அட்டைக்கு அந்தப் படத்தைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.