ரஃபத் பெயருக்கு நான் சொன்ன பதில்

கடலில் குளித்தால் தலைமுடி இரண்டு நாளைக்குப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. ஆம்பூரிலிருந்து அந்தமான் வரை போய், முதல் நாள் சாயங்காலம் நாங்கள் கடை கடையாகத் தேடியது ஷாம்புதான்.

மேடம், என்னை நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. ஆகஸ்ட் மாதம் உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்த முத்துமாரி. உங்கள் தாத்தா மதுரைப் பக்கத்திலிருந்து அந்தத் தீவுக்கு வந்தவர் என்று சொன்னீர்கள். டீ வாங்கிக் கொடுத்தீர்கள். நான் பத்தாவதோடு நின்றவள். பேசச் சொன்னால் வாய் வராது, எழுதச் சொன்னால் எழுதுவேன். அன்றைக்குப் பேசியதில் விட்டுப்போனவற்றை இப்போது எழுதுகிறேன். எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

நாங்கள் மூவரும் ஒரு ஷூ கம்பெனியில் ஒரே லைனில் தைப்பவர்கள். எனக்கு வலது பக்கத்து மெஷின் ரஃபத் ஜஹான், இடது பக்கம் ஸ்வேதா. மதியச் சாப்பாடு முடிந்ததும் சூப்பர்வைசர் பெயர் படிப்பார். ரஃபத் தொழுதுவிட்டு வர ஐந்து நிமிடம் ஆகும். அதனால் அவள் பெயருக்கு நான் "இருக்கேன் சார்" என்பேன். இது லைனில் எல்லோரும் எல்லோருக்கும் செய்வதுதான். பாத்ரூம் போனவளுக்குப் பக்கத்து மெஷின்காரி சொல்வாள். ஆனால் நான் மூன்று வருடமாகத் தினமும் சொன்னேன். அவளைப் போலவே கொஞ்சம் இழுத்துச் சொல்வேன்.

"உன் பேருக்கு வராத சத்தம் அவ பேருக்கு மட்டும் எங்கிருந்துடி வருது?" என்று ஸ்வேதா சிரிப்பாள்.

ரஃபத்துக்குக் கல்யாணம் நிச்சயமானதும், அதற்கு முன்னால் ஒரு தீவுக்குப் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவள் அண்ணன் காஷிஃப் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் 'அம்மி' என்று கூப்பிடும் அம்மா சுகரா பேகம்தான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"இவ ஆட்டம் ஜாஸ்தி. ஸ்வேதா அதுக்கு மேல. நீ கூடப் போறியா? நீ போனா எனக்கு பேஜார் இல்ல. பத்திரமா கூட்டிட்டு வந்துடு."

சரி என்றேன்.

இரண்டாம் நாள் லாட்ஜில் ரஃபத் சார்ஜர் தேடி என் பையைத் திறந்தாள். என் நோட்டு அதில் இருந்தது. நான் எழுதுவேன் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் சித்திக்குத் தெரிந்தால் அடுப்புக்குப் போயிருக்கும்.

"இன்னா தோஸ்த் இது, கதையா?" என்று படிக்க ஆரம்பித்தாள். ஸ்வேதா குளித்துக்கொண்டிருந்தாள்.

அதில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். இன்று அம்மி எனக்குத் தால்ச்சா கட்டிக் கொடுத்தார்கள். காஷிஃப் அண்ணன் என்னை வண்டியில் கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டான். காய்ச்சலாக இருந்தது, அம்மி இரண்டு முறை எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். இப்படி நாலு நோட்டு இருக்கிறது. எல்லாமே அவள் மெஷினில் உட்கார்ந்து என்னிடம் சொன்னவை. நான் அவற்றை எனக்கு நடந்ததாக எழுதிவைத்தேன். என் வீட்டில் எழுதுவதற்கு ஒன்றும் நடக்கவில்லை.

ரஃபத் நாலைந்து பக்கம் படித்துவிட்டு நிமிர்ந்தாள். கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் என் தலையைத் தடவினாள்.

"ஏன் மாரி, உன் வீட்ல சாப்டியான்னு கூட கேக்க மாட்டாங்களா? எனக்குத் தெரியாதே. ஊருக்குப் போனதும் அம்மிகிட்ட சொல்றேன். இனிமே உனக்கும் சேர்த்து டிபன் கட்டுவாங்க."

"சொல்லாத," என்றேன்.

"இதுல இன்னா இருக்கு? அம்மி அழுதுடுவாங்க, பாரு. அண்ணன்கிட்டயும் படிச்சுக் காட்டணும்."

"வேணாம் ரஃபத்."

"போடி, வெக்கம் புடிச்சவளே."

அவள் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். சிரித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்த வீட்டில் எல்லோரும் என்னை அந்தப் பரிதாபக் கண்ணால் பார்ப்பார்கள் என்பதை மட்டும் தாங்க முடியவில்லை.

மறுநாள் ஸ்வேதாவுக்கு வயிற்று வலி, லாட்ஜிலேயே படுத்துவிட்டாள். நானும் ரஃபத்தும் படகில் ஒரு சின்னத் தீவுக்குப் போனோம். அங்கே ஆள் குடியிருப்பு இல்லை. காலையில் கொண்டுபோய் விட்டு, மூன்று மணிக்குக் கடைசிப் படகு. மேகம் கறுத்திருந்தது. ரஃபத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு மரங்களுக்குப் பின்னால் போனாள்.

"தொழுதுட்டு ஓடி வந்துடறேன். பேர் படிச்சா சொல்லிடு."

படகுக்காரர் ஜான்சன் பட்டியலை எடுத்துப் படித்தார். ரஃபத் ஜஹான் என்றார். "இருக்கேன்" என்றேன், கொஞ்சம் இழுத்து.

இது வரைக்கும் உங்களிடம் இருக்கிறது. வேலையிடத்துப் பழக்கத்தில் தோழியின் பெயருக்குப் பதில் சொல்லிவிட்டார் என்று எழுதினீர்கள், நான் கையெழுத்துப் போட்டேன். பாவம் பொண்ணு என்று பக்கத்திலிருந்த கான்ஸ்டபிளிடம் சொன்னீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. வாய் தானாகத்தான் சொன்னது.

ஆனால் ஜான்சன் பட்டியலை மட்டும் நம்பி விடவில்லை. பெயர் படித்த பிறகு தலையையும் எண்ணினார். இரண்டு முறை எண்ணிவிட்டு என்னிடம் வந்து குனிந்து கேட்டார்.

"ஒரு ஆள் கம்மி. உங்க கூட வந்த பொண்ணு எங்கம்மா?"

"முன்னாடி போன படகுல போய்ட்டா," என்றேன். "வாந்தி வந்துச்சு."

"இப்பதான் இருக்கேன்னு சத்தம் வந்துச்சே?"

"நான்தான் சொன்னேன். பேர் விட்டுப்போகக் கூடாதுன்னு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்கிற முகம் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். மழை வருகிறது என்று மற்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். கிளம்பிவிட்டார்.

இதை அவர் உங்களிடம் சொன்னார். தப்பிப்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தீர்கள். என்னைக் கேட்டபோது நான் இன்னும் அதிகமாக அழுதேன். நீங்கள் கேட்பதை நிறுத்திவிட்டீர்கள்.

ஒரு ராத்திரி அங்கே பயந்து கிடந்தால் அவள் நோட்டை மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். இப்படி எழுதினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் நான் படகின் கடைசிப் பலகையில், கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவள் மரங்களிலிருந்து வந்தாள். முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள், பிறகு துப்பட்டாவைக் கழற்றி வீசிக் காட்டினாள். எவ்வளவு வெயிலிலும் வெளியில் அதைக் கழற்றாதவள். தண்ணீரில் இறங்கினாள். முட்டி வரைக்கும், இடுப்பு வரைக்கும். அவளுக்கு நீந்தத் தெரியாது, எனக்கு அது தெரியும். நான் எழுந்து, முன்பக்கம் பார்க்கிற பலகைக்கு மாறி உட்கார்ந்துகொண்டேன்.

நாலு மணிக்குக் கரை வந்துவிட்டது. அப்போதும் வெளிச்சம் இருந்தது. "ரஃபத் எங்கடி?" என்று ஸ்வேதா கேட்டாள். கடையில் வளையல் பார்க்கிறாள் என்றேன். ஸ்வேதா கடைத்தெருவெல்லாம் தேடிவிட்டு வந்து என்னை உலுக்கிக் கேட்டபோதுதான் தீவின் பெயரைச் சொன்னேன். அதற்குள் காற்று பிடித்துவிட்டது, படகு எடுக்க முடியாது என்றார்கள். மறுநாள் மதியம் அவளைக் கொண்டுவந்தீர்கள். தலைமுடியெல்லாம் மணலாக இருந்தது.

ஜான்சன் மேல் போட்ட வழக்கில் சாட்சி சொல்லப் பதினெட்டாம் தேதி வரச் சொல்லி எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. ஜான்சனுக்கு வேறு சாட்சி இல்லை என்றும், படகைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றும், இனி ஜெயில்தான் என்றும் ஸ்வேதா சொன்னாள். நான் அன்றைக்கு என்ன சொல்கிறேனோ அதுதான் அவருக்கு. சம்மன் இந்த வீட்டுக்குத்தான் வந்தது. செப்டம்பரிலிருந்து நான் இங்கேதான் இருக்கிறேன். துக்கத்துக்கு வந்தவளைப் போகவிடவில்லை. ரஃபத்தின் கட்டிலில் படுக்கிறேன். காஷிஃப் அண்ணன் வண்டியில் கேட் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறான்.

"நல்லா சாட்சி சொல்லு பேட்டா. அவன விட்டுடாத," என்று சம்மனைப் பார்த்து அம்மி சொன்னார்கள். ரஃபத்தையும் பேட்டா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்தால் ஜான்சன் வீட்டுக்குப் போவார். அதற்காகத்தான் எழுதினேன். உறையில் உங்கள் விலாசம் எழுதி, ஸ்டாம்பும் ஒட்டியாகிவிட்டது. பதினெட்டாம் தேதி கோர்ட்டில் பழைய வாக்குமூலத்தையே சொல்லிவிட்டு வருகிறேன். இருபத்தொன்றாம் தேதி ரம்ஜான் பெருநாள். அது முடிந்ததும் கண்டிப்பாகத் தபாலில் போட்டுவிடுவேன். நல்ல நாளில் மகள் இல்லாத வீட்டில் அம்மியைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.