சார்னு கூப்பிட்ட அப்பா

போடியிலிருந்து குரங்கணிக்கு ஏறிய ஜீப்பில் எனக்கு எதிரே இருந்த ஐம்பது வயதுக்காரர், பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "எங்கப்பா என்னைய சார்னு கூப்பிட்டாருண்ணே."

ஏழு மாதம் கழித்து, அப்பா இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போய் வந்திருக்கிறார்.

"கண்ணு மங்கிப்போச்சு. சோதிக்க வந்த ஆபீசர்னு நெனச்சு, நான் வாயத் தொறக்குறதுக்குள்ள எந்திரிச்சு நின்னுட்டாரு. 'சாப்பாடு நல்லாருக்கு சார், குறையொண்ணும் இல்ல'ன்னாரு. கட்டிலோட கட்டிப்போட்ட தடம் மணிக்கட்டுல கன்னிப்போயிருந்துச்சு."

"நான் ஒங்க மகன்னு சொல்ல வேண்டியதுதான தம்பி?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

அவர் தலை நிமிராமலே சொன்னார்:

"சரிங்க பெரியவரேன்னு சொல்லிட்டு வந்துட்டேண்ணே. மகன்னு தெரிஞ்சா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு கேப்பாருல்ல."