கோது கழுவிய தண்ணீர்

பித்தளை துலக்கப் புளியும் கைப்பலமும் போதும் என்று நினைப்பவர்கள் அல்ட்ராசோனிக் மெசினைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு சோற்றுச் சட்டி அளவுதான் இருக்கும். உள்ளே சுடுதண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், ஒரு சிட்டிகை எலுமிச்சைப் புளிப்பு. சுவிட்சைப் போட்டால் வண்டு இரைவது போல ஒரு சத்தம் வரும். கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் தண்ணீருக்குள் எழும்பி உடைந்து, ஊசி போகாத இடத்து அழுக்கையும் உரித்துக்கொண்டு வரும். பத்து நிமிடத்தில் கரி பிடித்த துப்பாக்கிக் கோது புது நகை மாதிரி ஆகிவிடும்.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்று பொலிஸில் நீங்கள் சொன்னது வசதியாகப் போயிற்று. பேசும்போது எனக்குப் பிரெஞ்சு தடுமாறும். தடுமாறினால் பொய் சொல்வது போலத் தெரியும். நான் பொய் சொல்லப் போவதில்லை.

என் பெயர் உருத்திரமூர்த்தி. வயது அறுபத்திரண்டு. வில்லரே என்ற பகுதியில் ஒரு பல் வைத்தியரிடம் இருபத்தாறு வருடம் கருவிகள் கழுவினேன். அங்கே என்னை ரூடி என்றுதான் கூப்பிட்டார்கள். என் முழுப் பெயரை ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. வைத்தியர் ஓய்வு பெற்றபோது பழைய மெசினை எனக்குத் தந்தார். மனைவி யோகராணி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அந்த வைத்தியரிடம் பல் காட்ட வந்த மார்செல் என்பவருக்கு இல்-பிசார் என்ற இடத்தில் வீடு. அவர் ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் இருந்தார். சுட்ட பிறகு நிலத்தில் விழும் தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைக் கழகத்தார் பொறுக்கிச் சுத்தமாக்கி, மறுபடி பாவிப்பார்கள். அதில் சட்டப் பிழை எதுவும் இல்லை. ஒரு வாளி கோதைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மார்செல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். பிறகு அங்கே நின்ற நாலு பேரிடமும் காட்டி, இது மிஸ்யே மூர்த்தியின் வேலை என்றார். அவர்கள் வந்து எனக்குக் கை தந்தார்கள். இந்த நாட்டில் முப்பத்து மூன்று வருடம் இருந்துவிட்டேன். அன்றுதான் முதல்முறையாக, நான் செய்த ஒன்றை ஒருவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதை நீங்கள் சின்ன விஷயம் என்று நினைக்கலாம். எனக்கு அப்படி இல்லை.

இரண்டு வருடம் என் குசினியிலேயே கழுவினேன். போன வருடம் புரட்டாதியில் வயிற்றுப் பிடிப்பும் கை நடுக்கமும் வந்தன. இரத்தம் எடுத்துப் பார்த்த டொக்டர், உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது என்றார். எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டார். எப்போதாவது சுடுமிடத்துக்குப் போவதுண்டு, இனிப் போகமாட்டேன் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தேன். வெடிக்கும்போது கோதுக்குள் படிகிற கரியில் ஈயம் இருக்கிறது. கழுவும்போது அது தண்ணீருக்கு வரும், துணிக்கு வரும், கைக்கு வரும். பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளைத்தான் அது கூடுதலாகத் தாக்கும். இதையெல்லாம் அன்று பின்னேரமே தெரிந்துகொண்டேன். அந்தப் பரிசோதனைத் தாள் உங்களிடம் இருக்கிறது, திகதியும் இருக்கிறது. ஆகவே தெரியாது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

என் மகள் சாருஜா ஞாயிறு தோறும் தன் குழந்தையைக் கொண்டு வருவாள். அதனால் மெசினை மேலே வைத்திருக்க முடியாது. அந்த வாரமே கீழே பேஸ்மென்றுக்கு இறக்கினேன்.

பேஸ்மென்றில் அனோஜினி இருந்தாள். யோகராணியின் ஒன்றுவிட்ட தங்கையின் மகள். அகதி வழக்குப் போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருந்தாள். கணவன் ஊரில். கையில் ஒரு வயது மகள் நிருஷா. நான் வாடகை வாங்கவில்லை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கார்தெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் இடம் கிடைக்காததால் அவளால் வெளியே வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டில் இருந்தபடி, பிள்ளையையும் பார்த்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டாள். நான் அவளுக்கு ஒரு வழி காட்டினேன் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் ஒரு பங்கு அப்படித்தான் நினைக்கிறேன்.

அவள் என்னைவிட நன்றாகச் செய்தாள். கோதுகளைக் கழுவித் துவாயில் பரப்பிக் காயவைப்பாள். கறுத்த தண்ணீரைக் குளிக்கும் தொட்டியில் ஊற்றுவாள்; பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் அதே தொட்டியில்தான். நிருஷா துவாயின் ஓரத்தில் இருந்து கோதுகளை வரிசையாக நிறுத்துவாள். சிலவற்றை வாயில் வைத்து ஊதுவாள். ஒருநாள் நான் இறங்கிப் போனபோது ஒன்றை எனக்கும் நீட்டினாள். வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். சாருஜா ஒருமுறை தன் குழந்தையுடன் கீழே போகப் பார்த்தாள்.

"கீழ கொண்டு போகாதை, தூசி," என்றேன்.

"அப்ப நிருஷா?" என்று கேட்டாள்.

அது பழகின பிள்ளை என்று சொன்னேன்.

மாசி மாதம் நிருஷா சாப்பாட்டைத் தள்ளத் தொடங்கினாள். பேசிக்கொண்டிருந்த நாலைந்து சொல்லும் நின்றுபோயின. பங்குனியில் வாந்தி. நான்தான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். இரத்தத்தில் ஈயம் என்று அங்கே கண்டுபிடித்தார்கள். மருந்து ஏற்றினார்கள். பிள்ளை தேறியது. இது எங்கிருந்து வந்தது என்று பார்க்க, வீட்டுக்கு ஒரு தாதியை அனுப்பப் போவதாகச் சொன்னார்கள்.

தாதி வருவதற்கு முதல்நாள் மெசினையும் வாளிகளையும் என் காரின் பின்பெட்டியில் ஏற்றினேன். வழக்கு முடியாமல் வேலை செய்கிறாய் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அனோஜினியிடம் சொன்னேன். அவள் கையிலே வேலை செய்யும் அனுமதி இருந்தது. ஆனால் அந்தத் தாள் பிரெஞ்சில் இருந்தது. அவளே எனக்கு முன்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நிலத்தைத் துடைத்ததும் அவள்தான்.

தாதி நல்ல பெண். போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கிறேன் என்றாள். எதற்கு வீண் சிரமம், நான் இருக்கிறேனே என்றேன். வீட்டில் யாராவது உலோகம், பற்றரி, துப்பாக்கிச் சாமான் எதையாவது தொடுகிறார்களா என்று அவள் கேட்டாள். நான் அனோஜினியின் பக்கம் திரும்பினேன்.

"ஊரிலயிருந்து வந்த மஞ்சள்தூள் பாவிக்கிறனியோ எண்டு கேக்கினம்."

"ஓம் பெரியப்பா. அம்மா அனுப்பினது. பிள்ளையின்ர சோத்துக்கும் போடுறனான்."

உலோகம் எதுவும் இல்லை, மஞ்சள்தூள்தான் இருக்கிறது என்று தாதியிடம் சொன்னேன். சில நாடுகளின் மஞ்சள்தூளில் நிறத்துக்காக ஈயம் கலப்பதுண்டு என்று நான் முன்பே வாசித்து வைத்திருந்தேன். தாதியும் கேள்விப்பட்டிருந்தாள். அவள் பொட்டலத்தை வாங்கி ஒரு பைக்குள் போட்டு ஒட்டினாள். அனோஜினி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. மஞ்சளில் ஒன்றும் இல்லை, வேறு காரணம் தேட வேண்டும், மறுபடி வர ஒரு நாள் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தது. அவள் கடிதத்தைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டு வந்தாள். நான் வாசித்துவிட்டு, மஞ்சளில்தான் பிழை என்று சொன்னேன். அவள் படியில் இருந்துவிட்டாள். பிறகு எழும்பிப் போய், தாய் அனுப்பிய எல்லாவற்றையும், மிளகாய்த்தூள், குங்குமம், குழந்தைக்கென்று வந்த வசம்பு உட்பட, கறுப்புப் பையில் போட்டுக் கட்டினாள். தாயோடு போனில் பேசுவதையும் நிறுத்திக்கொண்டாள்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். சொன்னால், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஒவ்வொரு கிழமையும் அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. அத்துடன், மார்செல் இரண்டு முறை அழைத்துவிட்டார். என்னைப் போல ஒருவரும் கழுவுவதில்லை என்றார். சித்திரைக் கடைசியில் மெசினைத் திரும்பக் கீழே இறக்கினேன். மஞ்சள்தான் காரணம் என்று அவள் நம்பியிருந்ததால் கோதுகளைப் பற்றி அவளுக்கு ஒரு பயமும் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டும் இரத்தம் எடுக்க அழைத்தார்கள். அவர்களிடம் இருந்தது என் இலக்கம். தாயும் பிள்ளையும் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள், வந்ததும் கூட்டி வருகிறேன் என்றேன். தாதிக்கும் அதையே சொன்னேன். அந்த நேரம் நிருஷா கீழே கோதுகளைக் கொட்டி விளையாடும் சத்தம் போனில் கேட்டிருக்கும். அது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சோறு தீத்திக்கொண்டிருக்கும்போது பிள்ளைக்கு வலிப்பு வந்தது. நிற்கவே இல்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மூச்சு மெசினில் வைத்திருந்தார்கள். மூளை வீங்கிவிட்டது என்று டொக்டர் சொன்னதை நான் சரியாகவே மொழிபெயர்த்தேன். அதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. வெள்ளிக்கிழமை நிருஷா போய்விட்டாள். அடுத்த மாதம் இரண்டு வயது ஆகியிருக்கும்.

செத்தவீட்டுக்கு எங்கள் சனம் முப்பது பேர் வரை வந்தார்கள். சின்னப் பெட்டி. பெட்டியை எடுக்கும் முன் அனோஜினி என் கையைப் பிடித்தாள். அழவில்லை. அவளுக்கு அப்போது கண்ணீர் முடிந்துபோயிருந்தது.

"நான் முந்திக் குடுத்த மஞ்சள்தானே பெரியப்பா? உள்ளுக்க நிண்டிட்டுதோ?"

"ஓம் பிள்ளை," என்றேன்.

தலையை ஆட்டினாள். பிறகு பிள்ளையின் பக்கம் குனிந்து, தன் கையால் ஊட்டினதற்கு மன்னிப்புக் கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு பதில் இல்லாமல் அவளை விடுவதைவிட ஏதோ ஒரு பதிலுடன் விடுவது நல்லது என்று எனக்குப் பட்டது.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு அவள் எழும்பாமல், சாப்பிடாமல் கிடந்தாள். கை சும்மா இருந்தால் மனம் கெட்டுப்போகும். ஆகவே மார்செல் தந்த அடுத்த வாளியைக் கீழே இறக்கிக் கொடுத்தேன். அவள் கழுவினாள். நீங்கள் வந்து கதவைத் தட்டும்வரை நாலு வாளி கழுவியிருந்தாள்.

அனோஜினிக்குத்தான் வேலை கொடுத்தேன், நிருஷாவுக்கு இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. இரண்டு பேருக்கும் ஈயத்தை வைத்தது நான்தான். தெரிந்துதான் வைத்தேன். உங்கள் தாளில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

ஒரேயொரு வேண்டுகோள். இதை அனோஜினிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். மஞ்சள்தான் என்று அவள் மனதை ஒருவாறு ஆற்றி வைத்திருக்கிறாள், அதை ஏன் குலைக்க வேண்டும். அவளுக்கு இங்கே என்னைவிட்டால் வேறு ஆளில்லை.