ஜன்னலோர நாற்காலி

எங்கள் ஜன்னலைத் திறந்தால் கடைவீதி அப்படியே காதுக்குள் வந்து உட்காரும். பூட்டு ரிப்பேர் கடை, பழைய புத்தகக் கடை, எதிரே சலூன், பக்கத்திலேயே பஸ் ஸ்டாப். உங்கள் அப்பாவுக்கு அதுதான் உயிர், மச்சான். எங்களோடு இருந்த எட்டு வருடமும் ஜன்னலோர நாற்காலியை விட்டு அவர் எழுந்ததே சாப்பிடத்தான். அதனால்தான் இந்த வீட்டை வாங்க நினைத்தேன். அவருக்காகத்தான். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர் திடீரென்று விற்கப்போவதாகச் சொன்னார். அவர் கேட்ட விலை நமக்குக் கட்டுப்படியாகாது. தரகர் ஒவ்வொருவராகக் கூட்டிவந்து வீட்டைக் காட்டினார். முதலில் வந்த டீச்சரம்மா, காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து அது யாருடையது என்று கேட்டார். மாமா அப்போது சலூனில் இருந்தார். மாமனாருடையது என்று சொல்லிப் பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான். டீச்சரம்மா உச்சுக் கொட்டிவிட்டு, சமையலறையைக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

அதன்பிறகு ஆள் வரும்போதெல்லாம் மாமாவை முடிவெட்ட அனுப்பினேன். ஒரு மாதத்தில் அவர் தலையில் வெட்ட ஒன்றும் மிச்சமில்லை. வங்கி அதிகாரியிடம் மாரடைப்பு என்றேன். செருப்புக்கடை முதலாளி அதற்கெல்லாம் அசைகிற ஆளில்லை. அவரிடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி, எந்த இடம் என்றும் தொட்டுக் காட்டினேன். கண்ணீர் தானாகவே வந்தது. எனக்கு மாமாவை அவ்வளவு பிடிக்கும்.

ஏழாவது ஆளிடம் அழுதுகொண்டிருந்தபோது சலூனில் கரண்ட் போய்விட்டது. மாமா பாதி ஷேவிங்கோடு உள்ளே வந்தார். வீடு பார்க்க வந்தவர் மூன்று மூன்று படியாகத் தாண்டி ஓடினார். மாமா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, நான் எதுல போனேன்?"

"பாத்ரூம்ல வழுக்கி, மாமா."

கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்தார். "தூக்கத்துலன்னு சொல்லியிருக்கலாமே."

தூக்கத்தில் போனால் விலை இறங்காது என்று பொறுமையாக விளக்கினேன். அவருக்குப் புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரமே வீட்டுக்காரர் பாதி விலைக்கு வந்தார்; பத்திரம் பதிந்தாயிற்று. ஆனால் ஓடியவர் வீதி முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் ஓடியிருக்கிறார். மாமா ஜன்னலில் தலையைக் காட்டினால் போதும், பூட்டுக்கடைக்காரர், "பெரியவரே, இன்னைக்கு எதுல?" என்று கேட்பார். சலூனே சிரிக்கும். பத்து நாள் பார்த்துவிட்டு மாமா ஜன்னலைச் சாத்தினார். "செத்தவன் எப்படி எட்டிப் பாக்கிறது மாப்பிள்ளை" என்றார். மறுநாள்தான் வந்து கூட்டிப்போகச் சொல்லி உங்களுக்குப் போன் செய்திருக்கிறார்.

அவருடைய பெட்டியை எடுத்துப்போங்கள், மச்சான். நாற்காலி இருக்கட்டும், இப்போது நான்தான் அதில் உட்காருகிறேன், நல்ல காற்று. உயிரோடிருக்கும் மனிதரை ஏழு முறை சாகடித்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏழு முறையும் உட்கார்ந்து அழுதேன். பெற்ற பிள்ளை நீங்கள், அவருக்காக ஒரு முறையாவது அழுதிருக்கிறீர்களா?