பந்தலுக்குள் பாடு வைத்த ஹேமாவதி அம்மையாருக்கு

“அப்போ இந்த வருசமும் எங்களுக்கு வெளக்கு இல்ல, அப்டித்தானே மேடம்?”

சென்ற ஆண்டு கிராம சபையில் பச்சையம்மா கேட்ட இந்தக் கேள்வி இன்னும் எங்கள் காதை விட்டு அகலவில்லை. அதற்குள் ஓய்வு பெற்றுச் செல்லும் எங்கள் ஊராட்சிச் செயலரே, ஹேமாவதி அம்மையீரே! கேட்டுக் கேட்டுக் களைத்தும் கேட்பதைக் கைவிடாத செவியே! வணக்கம்.

வரவு செலவுக்கு மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டமென்றாலே எங்களுக்குக் கண் செருகும். அதே பந்தல், அதே கரகரக்கும் ஒலிபெருக்கி, அதே சாலை, அதே குழாய். “போன தபா இன்னா எழ்தினீங்களோ அத்தையே எழ்திக்கங்க, நான் ஏரிக்குப் போவணும்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நடப்பார் மீனவர் அங்கமுத்து. தாங்களோ கொட்டாவியை முந்தானையால் மறைத்தபடி, கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை அமர்ந்திருப்பீர்கள்.

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று குப்பத்தார் முறை வைத்துக்கொள்வதைப் பாடு என்போம். கேட்கும் குப்பங்கள் பல, பணமோ ஒரு வேலைக்கே போதும் என்றானபோது ஆண்டுக்கு ஒரு குப்பம் என்று அந்த வழக்கத்தைப் பந்தலுக்குள் கொண்டுவந்தவர் தாங்கள். எந்த விதியிலும் இல்லாத அதை ஊர் ஏற்றது, சொன்னது தாங்கள் என்பதால்.

சென்ற ஆண்டுப் பாடு பச்சையம்மாவின் குப்பத்துக்கு. இருட்டில் கரை தெரியாமல் அவர் மகன் பூபதியின் படகு கல்லில் மோதி உடைந்திருந்தது. படகுத்துறைக்கு ஒரு விளக்கு கேட்டார்கள். அந்த வாரம் பார்த்துப் பக்கத்துக் குப்பத்தின் தண்ணீர் மோட்டார் எரிந்துபோயிற்று. இருக்கும் பணம் மோட்டாருக்கே சரியாகும் என்று தாங்கள் சொன்னபோதுதான் பச்சையம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு அவரே எழுந்தார். “சரி, அவுங்களே எட்த்துக்கட்டும். டேய், எங்க வெளக்கத்தான் மொண்டு குடிக்கிறீங்க, மறந்துடாதீங்க!” பந்தலே சிரித்தது. “அடுத்தது உங்களுக்குத்தான்” என்றீர்கள். அந்தச் சொல் எந்தத் தீர்மானத்திலும் ஏறவில்லை. தங்கள் நாவில் மட்டுமே இருக்கிறது.

முழங்கால் வலி தீர்ந்து, மதியத் தூக்கம் வாய்த்து, நெடுநாள் நலமோடு வாழ்க!

வரும் கிராம சபையில் தங்கள் நாற்காலியில் புதியவர் இருப்பார். “யாரு சொன்னது?” என்று மற்றக் குப்பத்தார் கேட்டால் எங்கள் பேச்சு எடுபடாது. இதோ, இந்த விடைதரும் விழாவின் கடைசி வரிசையில் காலி மீன்கூடையோடு பச்சையம்மா அமர்ந்திருக்கிறார். அம்மா, அன்று ஒருமுறை மட்டும் தங்கள் ஊரான பொன்னேரியிலிருந்து பேருந்தேறி வந்து, அந்தச் சொல்லை ஊரறியச் சொல்வீர்களா?

இங்ஙனம் வேண்டும்,
ஊராட்சி அலுவலகப் பணியாளர்கள்