நடுக்களத்துச் சிட்டு

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, ரத்த வங்கியிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் என் அணித் தோழிகளே, வணக்கம்.

பந்து வீசிப் பழகிய கை இது. மைக் பிடித்துப் பழக்கமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சாஃப்ட்பால் அணியின் நடுக்களக் காவலர், நம் சிட்டு அக்கா போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழவேயில்லை. ஓட்டத்தில் எங்களையெல்லாம் முந்தியது போதாதா அக்கா? இதிலுமா முந்திக்கொள்ள வேண்டும்?

சம்பளத்துக்கு ஆடியவரல்ல அவர். வேலை ரத்த வங்கியில். அறுவை அரங்குக்கு ரத்தப் பையோடு படியேறி ஓடுவார். "லிஃப்ட்ல போகக் கூடாதா?" என்று கேட்டால், "அது வர்றதுக்குள்ள நான் போயிட்டே வந்துடுவேன்" என்பார். வந்தும் விடுவார்!

அந்தக் கால்கள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்காக ஓடின. நான் சொதப்பலாக வீசிய பந்தை எதிரணி வானத்துக்கு அடிக்கும். எனக்கு உயிர் போய் உயிர் வரும். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "எனக்கு!" இரண்டு பேர் ஒரே பந்துக்கு ஓடி மோதிக்கொள்ளாமல் இருக்கப் போடும் குரல் அது. உடனே இடப்பக்கம் தையல்காரம்மாவும் வலப்பக்கம் கணக்கு டீச்சரும் ஒதுங்கிக்கொள்வார்கள். அக்கா சிட்டாய்ப் பறந்து வந்து பிடித்துவிடுவார்.

அவர் கணவர் நேற்று என்னிடம் சொன்னார்: "பால் பொங்கினாக்கூட 'எனக்கு!'ன்னு கத்திட்டுத்தாம்மா அடுப்புக்கு ஓடி வருவா. நான் பக்கத்துலயே நிப்பேன், அணைக்க மாட்டேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாங்கள் மட்டும் என்ன யோக்கியம்?

போன ஞாயிறு அவர் இல்லாமல் ஆடினோம். அவர் இடத்துக்கு ஆளில்லை. நடுவில் உயரமாக ஒரு பந்து போனது. தையல்காரம்மா நின்றார். டீச்சரும் நின்றார். இருவரும் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தார்கள்! பந்து இருவருக்கும் நடுவே விழுந்தது. அந்த ஒரு பந்தில் தோற்றோம்.

வரும் ஞாயிறும் தோற்றால் லீக்கிலிருந்து வெளியே. மைதானத்தைக் கேட்டு வேறொரு அணி இப்போதே காத்திருக்கிறது. அக்கா ஓடிய புல்தரை நம் கையைவிட்டுப் போகும். இரவெல்லாம் இதே கவலை எனக்கு. அவர் பணியைத் தொடர்வோம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அவரைப் போல் ஓட நம்மில் யாருமில்லை. குரல் கொடுக்கவுமா ஆளில்லை? இதோ, பந்து மேலே போய்விட்டது. தையல்காரம்மா, சொல்லுங்கள்.

என்ன? காதில் விழவில்லை. அழுதுகொண்டே சொன்னாலும் சரி, கடைசி வரிசைக்குக் கேட்கட்டும்!

ஆங், அதுதான்! ஐயோ டீச்சர், நீங்களுமா? இரண்டு பேரும் "எனக்கு" என்றால் மோதிக்கொள்வீர்களே!

பரவாயில்லை. மோதிக்கொள்ளுங்கள். பந்து மட்டும் கீழே விழ வேண்டாம்.